ஈரக் காற்று அடிக்கும் ஊரிலும் தோல் வறளும்

மலேசியாவில் இருந்துகொண்டு தோல் வறட்சியைப் பற்றிப் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள். "இந்த வேர்வையிலா?" என்று கேட்பார்கள். நான் கெடாவில் பாடாங் செராய் பக்கம் பிறந்து வளர்ந்தவள். காலையில் பனி, மாலையானால் மழை, கொடியில் போட்ட துணி காயவே நாளாகும். அந்த ஊரில்தான் என் காலில் தோல் வெடித்து ரத்தம் வந்தது. அது என்னவென்றே தெரியாமல் ஏறக்குறைய இரண்டு வருடம் அலைந்தேன். கையிலிருந்து மூவாயிரம் வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, மேல் போனது. போன தூக்கத்துக்குக் கணக்கே இல்லை. கடைசியில் ஒரு வெள்ளி கட்டிப் பார்த்த அரசாங்க கிளினிக்கில்தான் விஷயம் புரிந்தது. முதல் மாதத்திலேயே யாராவது எனக்கு நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. என்னைப்போல் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து சொறிந்துகொண்டிருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சின்ன வயதில் நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. முழங்காலுக்குக் கீழே அவருடைய தோல் எப்போதும் சாம்பல் பூத்துக் கிடக்கும். நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். எனக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடம் கிளம்பும்போது அம்மா தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி என் இரண்டு காலிலும் தேய்த்து அனுப்புவார். அண்ணனுக்கு அது தேவைப்பட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதை வியாதியாக நினைக்கவில்லை. அட்டை, கொசு, ரப்பர்ப் பால் பட்ட அரிப்பு, உரம் என்று தோட்டத்து ஆட்களின் காலுக்குக் காரணம் சொல்லவா ஆள் இல்லை! தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, நாங்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்த பிறகும் என் கால் அப்படியேதான் இருந்தது. ஆனால் தொந்தரவு கொடுத்ததில்லை. கல்யாணம், பிள்ளை, பள்ளிக் கேண்டீன் வேலை என்று நாற்பது வயது வரைக்கும் அதைப் பற்றி யோசித்ததே கிடையாது.

மகன் கொஞ்சம் வளர்ந்ததும் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். 1996இல் அந்தப் பார்க் திறந்ததிலிருந்தே எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் பெண்கள் பாக்டரி பஸ் ஏறி அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். எனக்கு கிளீன் ரூமில், அதாவது தூசி நுழையாத அறையில், வேலை. தலையிலிருந்து கால்வரை மூடும் வெள்ளை உடுப்பு, முகக்கவசம், இரண்டு அடுக்குக் கையுறை. 12 மணி நேர ஷிப்ட். அங்கே காற்றில் ஈரப்பதம் 40, 50 விழுக்காட்டுக்குள்தான் இருக்கும். வெளியே நம் ஊர்க் காற்றில் 80க்கு மேல் ஓடுகிறது. மேசையையும் கருவியையும் துடைக்க ஐ.பி.ஏ. என்கிற ஆல்கஹால் திரவம். சேர்ந்து சில மாதத்தில் முன்னங்கால் இறுக ஆரம்பித்தது. பிறகு அரிப்பு. பிறகு புறங்கை, முழங்கை, இடுப்பு. கால் தோல் சின்னச் சின்னச் செதிலாகப் பிரிந்து, செதிலுக்கு இடையே கோடு கோடாக வெடித்தது. உடுப்பைக் கழற்றும்போது காலுறைக்குள்ளிருந்து தவிட்டைப் போல வெள்ளையாகக் கொட்டும்.

அரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் வலிக்குக் கிடைக்கும் இரக்கம் அரிப்புக்குக் கிடைப்பதில்லை. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் ஒரு மணி நேரம் தூக்கம். உடம்பு சூடானதும் ஆரம்பிக்கும். பாய் ஓரத்தில் காலைத் தேய்ப்பேன், சீப்பால் சொறிவேன், ரத்தம் வந்து எரிய ஆரம்பித்தால் அரிப்பு கொஞ்சம் அடங்கும். அந்த எரிச்சலே சுகமாக இருக்கும். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூரில். மகனுக்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு அழுத ராத்திரிகள் உண்டு. வேலை முடிந்து வந்து ஹீட்டர் தண்ணீரைக் கை பொறுக்காத சூட்டில் காலில் ஊற்றினால் சொர்க்கம்போல இருக்கும். அரிப்பு உடனே நிற்கும். அந்தச் சுடுதண்ணீர்தான் மிச்சம் இருந்த எண்ணெய்ப் பசையையும் கழுவிக்கொண்டு போகிறது, அடுத்த ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது அப்படிச் சுடுதண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். அரிப்பு தாங்கவில்லை என்றால் ஈரத்துணியை வைத்து அழுத்துங்கள், அல்லது க்ரீமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துப் பூசுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

முதலில் கம்பெனி செலவை ஏற்கும் பேனல் கிளினிக்குக்குப் போனேன். காலைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு "படை" என்று சொல்லிப் பூஞ்சைக்கு மருந்து கொடுத்தார்கள். சரியாகவில்லை. வேறொரு தனியார் கிளினிக்கில் சொறிச் சிரங்கு என்று உடம்பு முழுக்கப் பூசும் மருந்து கொடுத்து, வீட்டுத் துணியெல்லாம் கொதிநீரில் அலசச் சொன்னார்கள். வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை, விரலிடுக்கில் ஒன்றும் இல்லை, அதை அவர்கள் கேட்கவும் இல்லை. மூன்றாவது இடத்தில் ஓர் ஊசியும், பெயரில்லாத சின்ன வெள்ளை டப்பாவில் ஒரு களிம்பும் கொடுத்தார்கள். மறுநாளே அரிப்பு போய்விட்டது. தோல் மினுமினுவென்று ஆனது. களிம்பு தீர்ந்த வாரமே முன்பைவிட மோசமாகத் திரும்பியது. மறுபடி போனால் மறுபடி ஊசி, மறுபடி டப்பா. இப்படியே மாதங்கள் ஓடின. ஒவ்வொரு தடவையும் எண்பது, நூறு வெள்ளி. பேனல் வரம்பு முடிந்த பிறகு எல்லாம் என் கைக்காசு. எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு எடுத்த மாதமெல்லாம் வருகை அலவன்ஸும் வெட்டு.

அந்த டப்பாவில் இருந்தது வலுவான ஸ்டீராய்டு என்று பிற்பாடுதான் தெரிந்தது. முழங்காலுக்குப் பின்னால் பிரசவக் கோடுகளைப் போன்ற கோடுகள் விழுந்துவிட்டன. அவை இனிப் போகாது. ஸ்டீராய்டு களிம்பே விஷம் என்று நான் சொல்லவரவில்லை. வீங்கிச் சிவந்த இடத்தில், சரியான வலுவில், சரியான நாள் மட்டும் பூசினால் அது நல்ல மருந்து. பயந்துகொண்டு பூசாமல் விட்டுப் புண்ணாக்கிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையானது, குளோபெட்டசோல் மிக வலுவானது, இரண்டும் ஒன்றல்ல. குளோபெட்டசோல் போன்றதை ஒரே மூச்சில் இரண்டு வாரத்துக்கு மேல் தொடரக்கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது என்று அதன் குறிப்புத்தாளிலேயே இருக்கிறது. டப்பாவில் பிரித்துக் கொடுத்தால் குறிப்புத்தாள் எங்கே இருக்கும்? அதனால் எந்த கிளினிக்கில் களிம்பு வாங்கினாலும் "இதன் பெயர் என்ன, எத்தனை விழுக்காடு, எங்கே பூசலாம், எத்தனை நாள்" என்று கேட்டு டப்பாமேலேயே எழுதி வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம், நம் உடம்பு. அரிப்புக்கு ஊசி போட்டால் அது என்ன ஊசி என்றும் கேளுங்கள். ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையை ஏற்றிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும். உண்மையிலேயே பூஞ்சைப் படையாக இருந்து அதன்மேல் ஸ்டீராய்டு பூசினாலும் ஆபத்து: மேலுக்கு அடங்கியதுபோல் தெரியும், உள்ளே பரவும், அப்புறம் டாக்டருக்கே அடையாளம் தெரியாது.

ஊரார் வைத்தியம் தனிக் கதை. ரத்தம் கெட்டுவிட்டது என்றார்கள். கத்தரிக்காய், கருவாடு, இறால், அன்னாசி எல்லாம் நிறுத்தினேன். உடம்பு இளைத்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக் காயவிட்டேன். காயும்போது தோலை இழுத்து இன்னும் வெடித்தது. கல்லுப்பு போட்ட தண்ணீர், கிருமிநாசினி கலந்த தண்ணீர், கடலைமாவு தேய்த்துக் குளிப்பது, எல்லாம் செய்தேன். இதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கான, நல்ல தோலுக்கு ஏற்றவையாக இருக்கலாம். ஏற்கெனவே பசை இல்லாத தோலில் இன்னும் உறிஞ்சத்தான் செய்யும். தண்ணீர் நிறையக் குடி என்று சொல்லாதவர் கிடையாது. மூன்று லிட்டர் குடித்து ஷிப்டில் டாய்லெட்டுக்கு ஓடியதுதான் மிச்சம். உடம்பில் நீர் வற்றியவருக்குத் தண்ணீர் தேவைதான், ஆனால் மேல்தோலில் நீர் நிற்காமல் போவது வேறு கோளாறு.

அம்மாவின் தேங்காய் எண்ணெய் மட்டும் தப்பாகப் போகவில்லை. பிலிப்பைன்ஸில் நடத்தி 2004இல் வெளியான ஓர் ஆய்வில் வறண்ட தோலுக்கு மினரல் எண்ணெய்க்குச் சமமாகத் தேங்காய் எண்ணெய் வேலை செய்ததாகப் பிறகு தெரிந்துகொண்டேன். ஈரம் இருக்கும்போதே பூசவேண்டும், அதுதான் சூட்சுமம். ஆலிவ் எண்ணெய் அப்படியல்ல. உணவுக்கு நல்லது என்பதற்காகத் தோலில் தேய்க்கிறார்கள். அது மேல்தோலின் காப்பைக் குலைக்கிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

ஆடித் திருவிழா சமயத்தில் கோயில் சமையற்கட்டில் எப்போதும்போல் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். வெடித்த புறங்கையைப் பார்த்துவிட்டு எனக்குப் பல வருடம் பழக்கமான ஓர் அக்கா, "நீ எழுந்திரு தங்கச்சி, போய் பூ கட்டு" என்று கத்தியை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பூக்கூடையும் நகர்ந்தது. யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. அன்னதானம் ஆரம்பிக்குமுன்னே வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. தயவுசெய்து தெரிந்துகொள்ளுங்கள்: வறண்ட தோல் ஒட்டாது. கரப்பான் என்கிற எக்ஸிமாவும் ஒட்டாது. அந்தக் கை தொட்ட சோற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். வெங்காயச் சாறு என் கைக்குத்தான் ஆகாது, என் கையால் சாப்பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

மனம் அப்படி உடைந்திருக்கும் நேரத்தில்தான் விற்பவர்களும் வருவார்கள். தெரிந்தவர் ஒருவர் நேரடி விற்பனைப் பொடியும் மாத்திரையும் "உள்ளிருந்து சுத்தம் செய்யும்" என்று கொண்டுவந்தார். மூன்று மாத செட், 680 வெள்ளி. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் 35 வெள்ளிக்கு ஒரு க்ரீம், ஒரு வாரத்தில் வெளுத்துவிடும் என்றார்கள். வெளுக்கவும் செய்தது, கழுத்தில் பூசிய இடம் சிவந்து எரியவும் செய்தது. நம் நாட்டில் இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பதிவான மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். முகப்பூச்சு, லோஷன் போன்றவற்றில் என்.ஓ.டி. எண் இருக்கும். இரண்டையும் என்.பி.ஆர்.ஏ. என்கிற தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் குவெஸ்ட் தேடலில் தட்டிப் பார்க்கலாம். என்.ஓ.டி. எண் இருந்தாலே பரிசோதித்து நல்லதென்று சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. நிறுவனம் அறிவித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதனால் ரத்தான பொருள்களின் பட்டியலையும் பாருங்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், பெட்டாமெத்தசோன் கலந்ததாகப் பிடிபட்டவை அதில் இருக்கும். பாதரசம் தோலோடு நிற்காது, சிறுநீரகம்வரை போகும். எண்ணே இல்லாத டப்பாவை எவ்வளவு நெருங்கியவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கையில் காசு ஓய்ந்த பிறகு, ஒரு ஆஃப் நாளில் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். காலையில் எண் எடுத்து மதியம்வரை காத்திருந்தேன். இளம் மலாய் டாக்டர், பெண். கையுறை போடாமல் என் காலைத் தொட்டுப் பார்த்தார். அதுவே எனக்குப் பெரிய விஷயம். "கக் (அக்கா), சின்ன வயதிலிருந்தே கால் இப்படித்தானா? அப்பா அம்மாவில் யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. முழங்காலின் உள்மடிப்பைத் தடவிப் பார்த்தார். அங்கே செதில் இல்லை. பிறகு கையைக் காட்டுங்கள் என்றார். உள்ளங்கையை விளக்குப் பக்கம் திருப்பி, ரேகைகளை விரலால் நீவினார். பெருவிரல் மேட்டில் ஆழமான கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, வேறு யாருக்கும் இருப்பதைவிட மிக அதிகம். என் கை அப்படி இருப்பதை நானே அன்றுதான் கவனித்தேன். அதைப் பார்த்ததும் அவர் பெயரைச் சொன்னார்: இக்தியோசிஸ் வல்காரிஸ். பரம்பரையாக வரும் வறட்சி. அதன்மேல் வேலையிடத்தால் கரப்பானும் சேர்ந்திருக்கிறது என்றார். பொதுவாக 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இவ்வளவு பேருக்கு இருக்கும் ஒன்றை நான் ஊருக்கு ஒளித்துவைத்து வாழ்ந்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தது.

அவர் சொன்னதையும் பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் தோல் மருத்துவர் விளக்கியதையும் எனக்குப் புரிந்தவரைக்கும் சொல்கிறேன். நம் மேல்தோலின் வெளி அடுக்கு செங்கல் சுவர் மாதிரி. செத்த செல்கள் செங்கல். செராமைடு, கொழுப்பமிலம், கொலஸ்ட்ரால் சேர்ந்த பசை அதன் சாந்து. உள்ளே இருக்கும் நீரை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் சோப்பு, ரசாயனம், கிருமியை உள்ளே விடாமலும் வைத்திருப்பது இதுதான். பிலாகிரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உடைந்துதான் தோலில் நீரைப் பிடித்துவைக்கும் பொருள்கள் உண்டாகின்றன. என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை. 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஈரமான, வெப்பமான காற்றில் இந்த வறட்சி அடங்கிக் கிடக்கும். உலர்ந்த காற்றில் வெளியே வரும். நாற்பது வருடம் நம் ஊர்க் காற்றே எனக்கு வைத்தியம் பார்த்திருக்கிறது. ஏர்கோனுக்குள் 12 மணி நேரம் நின்றதும் அது கைவிட்டுவிட்டது.

முன்பு பார்த்தவர்கள் ஏன் தவறவிட்டார்கள் என்றும் கேட்டேன். ஒரு காரணம் நம் நிறம். வெள்ளைத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியும். நம் தோலில் அது கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில சமயம் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். வறட்சி சாம்பல் நிறமாக நிற்கும். மேலோட்டமாகப் பார்த்தால் அழுக்கு, படை, கறுத்துப்போன கால் என்று தோன்றும். அரிப்பு அடங்கிய பிறகும் கறுப்பு பல மாதம் போகாது. அதை வெளுக்க வைக்கக் களிம்பு தேடாதீர்கள், அரிப்பு நின்றால் தானாக மங்கும். டாக்டரிடம் போகும்போது பழைய போட்டோக்களைக் கொண்டுபோங்கள். மோசமான நாளில் பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பூசிய எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அன்று காலையில் எண்ணெய் தடவிக்கொண்டு போகாதீர்கள், உண்மையான நிலை தெரியாது.

ரத்தமும் எடுத்தார்கள்: தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் இது முக்கியம். சின்ன வயதில் நன்றாக இருந்து, நடுவயதில் திடீரென்று தோல் வறண்டு அரிக்கிறது என்றால் தைராய்டு குறைந்திருக்கலாம், நீரிழிவாக இருக்கலாம், சிறுநீரகம் கெட்டிருக்கலாம். தடிப்பு எதுவும் இல்லாமல் உடம்பு முழுக்க அரித்து, எடையும் குறைந்தால் க்ரீம் பூசிக்கொண்டு உட்காரக்கூடாது. வயதானவர்களுக்குத் தோலில் பசை இயல்பாகவே குறையும். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் அவர்களுக்கும் பூசிவிட ஒரு ஆள் வேண்டும், முதுகுக்குக் கை எட்டாது.

இனி செய்வது என்ன என்று சொல்கிறேன். குளியல் ஐந்து பத்து நிமிடத்துக்குள், வெதுவெதுப்பான அல்லது பச்சைத் தண்ணீரில். ஆரோக்கியமான தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது, பி.எச். 5 பக்கம். கட்டிச் சோப்பு 9, 10. அதனால் சோப்பு அக்குள், இடுக்கு, பாதத்துக்கு மட்டும். மற்ற இடத்துக்கு அக்வியஸ் க்ரீமையே சோப்பாகத் தேய்த்துக் கழுவுகிறேன். இந்த அக்வியஸ் க்ரீம் அரசாங்க கிளினிக்கில் நிறையக் கொடுப்பார்கள். கழுவுவதற்கு நல்லது, பூசிவிட்டு விடுவதற்கு எல்லாருக்கும் ஆகாது: அதில் சோடியம் லாரில் சல்பேட் என்கிற நுரைப்பொருள் இருக்கிறது, சிலருக்கு எரிச்சல் தரும் என்று பிரிட்டன் மருந்துத் துறை 2013இலேயே எச்சரித்தது. எனக்கு எரிந்தது. குளித்து முடித்துத் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூசுவேன். காலுக்கு 10 விழுக்காடு யூரியா கலந்த க்ரீம். யூரியா நீரைப் பிடித்துவைக்கும், செதிலையும் இளக்கும். குதிகால் வெடிப்புக்கு அதைவிடக் கூடுதல் விழுக்காடு. வெடித்து ரத்தம் கசியும் இடத்தில் யூரியா போட்டால் உயிர் போகும், அங்கே முதலில் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி பூசி ஆறவிடவேண்டும். முடி வளரும் திசையில் நீவவேண்டும், மேலும் கீழும் தேய்த்தால் மயிர்க்கால் புண்ணாகும். டப்பாவிலிருந்து கரண்டியால் எடுங்கள், விரலை விடாதீர்கள்.

அளவுதான் பலர் கோட்டைவிடும் இடம். உடம்பு முழுக்க வறட்சி உள்ள ஒரு பெரியவருக்கு வாரத்துக்கு 250இலிருந்து 500 கிராம்வரை பூச்சு தேவைப்படும். நாம் 50 கிராம் அழகான டியூப் ஒன்றை வாங்கி ஒரு மாதம் ஓட்டுவோம். அப்புறம் எப்படிக் குணமாகும்? மணமில்லாத, நிறமில்லாத, பெரிய டப்பா வாங்குங்கள். எனக்கு இப்போது மாதம் அறுபது எழுபது வெள்ளிக்குள் முடிந்துவிடுகிறது, பாதி அரசாங்கத்திலேயே கிடைக்கிறது. ஸ்டீராய்டு தேவைப்பட்டால், விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிழிந்த அளவு, விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். அதற்கும் க்ரீமுக்கும் இடையே அரை மணி நேரம் விடுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க நான்கு வாரமாவது கொடுங்கள். எனக்கு முதல் மாதத்தில் தூக்கம் திரும்பியது, செதில் போக அதற்குமேலும் ஆனது. இது தீர்ந்துபோகும் நோயல்ல, நிறுத்தினால் திரும்பும். அதைத் தெரிந்துகொண்டது எனக்கு வருத்தமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. குணமாக்குகிறேன் என்று சொல்பவர் பின்னால் இனி ஓடவேண்டியதில்லையே.

நம் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. பாரபின், எண்ணெய் கலந்த இந்தப் பூச்சுகள் துணியிலும் படுக்கை விரிப்பிலும் ஊறிக் காய்ந்தால் அந்தத் துணி சட்டென்று தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுசாகப் போகாது. காலையும் மாலையும் சாமி விளக்கேற்றுகிறோம், சேலைத் தலைப்போடு அடுப்படியில் நிற்கிறோம், கற்பூரம் காட்டுகிறோம். பூசிக்கொள்ளும் கைலியைத் தனியாக வைத்து, அதோடு நெருப்புப் பக்கம் போகாதீர்கள். வீட்டில் சிகரெட் பிடிக்கும் ஆள் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள்.

வேலையிடத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. கிளீன் ரூமுக்குள் லோஷன், பவுடர், சென்ட் எதுவும் போட்டுக்கொண்டு போகக்கூடாது. சிலிக்கோன் கலந்த லோஷன் பொருளையே கெடுத்துவிடும். ஆனால் என் தோலிலிருந்து உதிரும் செதிலும் அங்கே தூசிதான். டாக்டரிடம் கடிதம் வாங்கி சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். வேலை போய்விடுமோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். கிளீன் ரூமில் அனுமதித்த லோஷன் ஒன்று அவர்களிடமே இருந்தது, கேட்டால் தருவார்களாம், அதுவரை எனக்குத் தெரியாது. கையுறைக்கு உள்ளே போட மெல்லிய துணிக் கையுறையும் கொடுத்தார்கள். சில மாதம் கழித்துக் கிளீன் ரூமுக்கு வெளியே பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். ஷிப்ட் அலவன்ஸ் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. வேலையில் தொடும் பொருளாலேயே தோல் புண்ணாகியிருந்தால் அதைத் தொழில் நோயாகச் சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் கோர முடியும். கிளினிக்கில் "என்ன வேலை, எதைத் தொடுகிறீர்கள்" என்று கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். என் மகனின் உள்ளங்கையிலும் அதே ஆழமான கோடுகள். காலையில் தும்மல், சின்ன வயதில் இழுப்பு, மழைக்காலத்தில் முழங்கை மடிப்பில் அரிப்பு, எல்லாவற்றையும் தனித்தனி வியாதியாக நினைத்து வைத்தியம் பார்த்திருந்தோம். தோலின் காப்பு குறைந்தவர்களுக்கு இவை சேர்ந்துவரும் என்று இப்போது தெரிகிறது. அவனுக்கு டப்பாவும் கரண்டியும் குளியலறைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். முதலில் முரண்டு பிடித்தான், இப்போது பல் துலக்குகிற மாதிரி பூசிக்கொள்கிறான். உங்கள் பிள்ளைக்கும் கால் சாம்பல் பூத்து, உள்ளங்கையில் கோடு அதிகம் இருந்தால், பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கிளினிக்கில் காட்டிவிடுங்கள். புண்ணில் மஞ்சள் பொருக்கு கட்டி நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வறண்ட இடத்தில் திடீரென்று கொத்தாகக் கொப்புளம் போட்டாலோ விடுமுறைக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள்.